படம் வந்தாத்தான் படகு

"இறங்கு சார்லஸ். நீ இன்னைக்குக் கடலுக்குப் போகல."

கோட்டைப்பட்டினம் துறையில் கடலுக்குப் போக டோக்கன் வாங்கியாயிற்று. ஐஸ் ஏற்றி, டீசலும் ஊற்றியாயிற்று. அந்த நேரத்தில் படகு முதலாளி சேக் அலாவுதீன் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? சார்லஸ் பல வருடமாக அந்தப் படகுக்கு டிரைவர்.

"வயித்துல இருந்த கிருமி போயிருச்சு முதலாளி. மாத்திரை முழுங்கி, திரும்ப டெஸ்ட் எடுத்து, ஒங்ககிட்ட காட்டுனேன்ல?"

"பாத்தேன். குழாய் விட்டு உள்ள படம் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாராமே, ஒன் வீட்ல சொன்னாங்க. அது எங்க?"

"வலியே இல்ல. எதுக்கு அது?"

"படம் வந்தாத்தான் படகு. ரியாசு, நீ ஏறு!"

ரியாசுதீன் முதலாளியின் தங்கச்சி மகன். ஏறினான். படகு போய்விட்டது.

ஊர் வாய் சும்மா இருக்குமா?

"படகுல எல்லாரும் ஒரே சட்டியில சாப்புடுறாங்கல்ல, ஒட்டிக்கும்னு பயம்."

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருமகனுக்குப் படகைக் கொடுக்கணும். அந்த யோசனையிலயே மனுசன் எப்புடி எளைச்சுட்டாரு பாரு!"

சார்லஸுக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் துறைக்குமாக நடந்தான். அவன் மனைவி சத்யபிரியா மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"டாக்டரும் அதானங்க சொன்னாரு. பாம்பு போயிருச்சு சரி, கடிச்சுட்டுப் போச்சான்னு பாக்க வேணாமான்னு..."

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. சும்மா இரு!"

அடுத்து படகு கிளம்பிய சனிக்கிழமையும் ரியாசுதீனே அதை எடுத்தான். சார்லஸுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"கெளம்பு புதுக்கோட்டைக்கு. அந்தப் படத்தை எடுத்து அவரு மூஞ்சியில வீசிட்டு வேற படகு பாத்துக்குறேன்."

வெறும் வயிறும் கோபமுமாக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தான். குழாய் உள்ளே போனது. திரையில் ஒரே இடத்தையே டாக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கிருமி போயிருச்சு. ஆனா அது பண்ணின சேதம் இருக்கு. இந்த எடம் நிறம் மாறியிருக்கு பாருங்க. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புறேன்."

முடிவு வரும்வரை சார்லஸ் தூங்கவில்லை. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வயிற்றில் கையை வைத்தபடி பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் இப்போதுதான் ஆரம்பம். அதே குழாய் வழியாகவே எடுத்துவிடலாம், பிறகு வருடா வருடம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். "தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா சொல்றதுக்கில்ல."

ஊர் திரும்பியதும் நேராக முதலாளி வீட்டுக்குப் போனான். படத்தை வீசவில்லை. இரண்டு கையாலும் நீட்டினான்.

எதிரே பாதி குடித்த கஞ்சியோடு உட்கார்ந்திருந்த அலாவுதீன், டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! மொதல்ல அந்த நோய எடுத்துட்டு வா. படகு ஒனக்குத்தான். ரியாசு சும்மா ஒனக்குப் பதிலா நின்னான்."

"ஒங்களுக்கு எப்புடி முதலாளி இதெல்லாம் தெரியும்?"

அவர் கஞ்சியைத் தள்ளி வைத்தார்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி எனக்கும் இதே கிருமி, இதே மாத்திரை. போயிருச்சுன்னு ரிப்போர்ட் வந்துச்சு. படம் எடுத்துக்கங்கன்னு டாக்டரும் சொன்னாரு. நான் போகல. இப்ப அதே நோயி முத்திப் போயி நிக்கிது. வெளியில சொல்லாத."

சார்லஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பவே ஏன் முதலாளி போகாம இருந்தீங்க?"

"படகை விட்டு இறங்குடான்னு சொல்ல எனக்கு ஒரு முதலாளி இல்லையே, சார்லஸ்."