கியூ இல்லாத வாசல்

கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை இழுத்துவிட்டு, டிரிப் ஸ்டாண்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

பத்து இருபதுக்குச் சக்கர நாற்காலி உள்ளே வந்தது. உட்கார்ந்திருந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். தள்ளிக்கொண்டு வந்தவர் அவருடைய மாமியார்.

மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். வராந்தாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கியூவே இல்லியே. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கோமா, சிஸ்டர்?"

சரியான இடம்தான் என்றேன்.

காலை ஏழரைக்கு டீச்சர் எங்கள் நம்பருக்கு போன் செய்திருந்தார். முந்தின நாளிலிருந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றார். காய்ச்சல் உண்டா, சிறுநீர் போகும்போது எரிகிறதா என்று கேட்டுக்கொண்டு, நரம்பு டாக்டரிடம் சொன்னேன். எட்டு மணிக்கெல்லாம் கட்டில் அவர் பெயருக்கு ஆகிவிட்டது.

டீச்சருக்கு எம்.எஸ். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய். மாதக்கணக்கில் சும்மா இருக்கும். திடீரென்று ஒருநாள் கையிலோ காலிலோ கண்ணிலோ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிளட்ச் மிதிக்கிற காலாகப் பார்த்துப் பிடித்திருக்கிறது பாருங்கள் என்று டீச்சர் சிரித்தார். சிரிக்கும்போதும் விரல்கள் நாற்காலியின் கையை விடவில்லை.

டாக்டர் வந்தார். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். பழைய ஸ்கேனும் மருந்துப் பட்டியலும் ஏற்கெனவே அவர் கையில் இருந்தன. டீச்சர் எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிறுநீரில் கிருமி இல்லை என்று லேபிலிருந்து வந்ததும் ஸ்டீராய்டு மருந்தை ஏற்றச் சொன்னார்.

பதினொன்றே காலுக்கு ஊசி ஏறிவிட்டது. வாய் கொஞ்சம் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள் என்றேன்.

மாமியாருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தலையணை, ஒரு பிளாஸ்க், மூன்று நாள் துணி, செங்கல் கனத்தில் ஒரு பைல் என்று போருக்குப் போகிறவர் மாதிரி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சண்டை போட ஆளே கிடைக்கவில்லை.

கொஞ்சம் மூச்சு விட்டதும் அவரிடமிருந்து பழைய கதை வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த நோய் முதல் தடவை வந்தது வலது கண்ணில். கண்ணைத் திருப்பினால் வலி, பார்வையில் புகை. வீட்டில் யாரும் இல்லை. மருமகள் தனியாகப் பஸ் பிடித்து, இதே ஆஸ்பத்திரிக்கு, கேஷுவால்டிக்கு வந்திருக்கிறார்.

மேஜையில் இருந்த சிஸ்டர் கண்ணைப் பார்த்தாராம். சிவப்பு இல்லை, அடிபடவில்லை. சீட்டில் 'அவசரமில்லை' என்று எழுதி, கண் பிரிவுக்கு நாளைக்குப் போகச் சொன்னாராம்.

கண் பிரிவில் கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். பொது மருத்துவத்தில் நன்றாகத் தூங்குங்கள் என்றார்கள். ஸ்கேனுக்குத் தேதி தள்ளிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மேஜையிலும் அதே கதையை முதலிலிருந்து சொல்லி, நரம்பு டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

கண் பாதிதான் திரும்பி வந்தது. சிவப்பு சிக்னல் அந்தக் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. அன்றோடு டீச்சர் ரோட்டை விட்டு, சாலை விதிகள் சொல்லிக்கொடுக்கும் வகுப்பறைக்கு வந்துவிட்டார்.

சீக்கிரம் பார்த்திருந்தால் கண் முழுதாகத் தப்பியிருக்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. தப்பியிருக்காது என்றும் சொல்லவில்லை.

அந்த சிஸ்டர் மட்டும் என் கண்ணில் பட்டால், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன் என்றார் மாமியார்.

நான் டிரிப்பில் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தப் புது ஏற்பாடெல்லாம் எப்போது வந்தது என்று கேட்டார். போன வருடம் என்றேன். எம்.எஸ். உள்ளவர்களுக்கு ஒரே நம்பர், ஒரே பைல், எப்போதும் தயாராக ஒரு கட்டில். சிவக்காத கண்ணிலும் ஆபத்து இருக்கலாம் என்று கேஷுவால்டியில் புதிதாக வருகிற எல்லோருக்கும் வகுப்பு. பெரிய டாக்டரின் அறைக்கு எத்தனை முறை நடந்தேன் என்று சொல்லவில்லை. உடும்பு என்று எனக்கு அங்கே பெயர் வைத்திருப்பதையும் சொல்லவில்லை.

நல்ல மனசும்மா உங்களுக்கு என்று என் கையைப் பிடித்துவிட்டு, மருந்து ஏறுகிறது என்று மகனுக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கதவு சாத்தியதும் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அந்த மேஜையில நீங்கதான இருந்தீங்க, சிஸ்டர்?"

ஆமாம் என்றேன். மூன்று வருடமாக மனதுக்குள் எழுதி எழுதி அடித்துவைத்ததில் அந்த ஒரு சொல்தான் வெளியே வந்தது.

காலையில் போனில் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டதாம். வைத்துவிடத்தான் நினைத்தாராம். ஆனால், வேறு எங்கேயும் நிற்காமல் நேராக இங்கே வாருங்கள் என்று நான் சொன்னதும், கை தானாகச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டதாம்.

அத்தையிடம் மூச்சுவிடவில்லை என்றார். விட்டால் இந்த வார்டு தாங்காதாம்.

நான் மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். விரல்கள் விரிப்பின்மேல் தளர்ந்து கிடந்தன. முகத்தில் தூக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கும் டிரிப் இருக்குல்ல? நீங்கதான இருப்பீங்க?"

இருப்பேன் என்றேன்.