வாசலில் மல்லி வேண்டாம்

"மல்லிச் செடியா? வேண்டவே வேண்டாம்" என்றாள் கல்பகம்.

மங்களம் ஆசையாகக் கையில் எடுத்த செடியைத் தொட்டியோடு கீழே வைத்துவிட்டாள்.

மனைவி சொன்னது ஜகதீசனுக்குச் சுருக்கென்றது. மங்களம், கணவனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்த தங்கை. வந்த நாளிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்ததில்லை. அல்வாலில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்து ஆறு மாதம் கழித்து, வாசலில் பூச்செடி வைக்கலாம் என்று மூவருமாக செகந்தராபாத் நர்சரிக்கு வந்த இடத்தில்தான் முதன்முதலாக ஒன்றைக் கேட்டிருந்தாள்.

"வெச்சா என்ன?" என்றான்.

"பாம்பு வரும்."

நர்சரிக்கார ஜுலைகா பீக்கு அரைகுறைத் தமிழ் வரும். "கைக்கு அம்மா, எதுக்குப் பயம்? அல்வால்ல வீட்டுக்கு வீடு மல்லி இருக்கு. யாரைப் பாம்பு கடிச்சுது?" என்று சிரித்தாள்.

"நக்கோன்னா நக்கோ" என்று அவள் பாஷையிலேயே வேண்டாம் என்றாள் கல்பகம்.

ஜுலைகா பீ கனகாம்பரத்தைக் காட்டினாள். வேண்டாம். டிசம்பர் பூ? அதுவும் வேண்டாம். கடைசியில் காகிதப்பூவும் இட்லிப்பூவும் ஒரு செம்பருத்தியும்தான் ஆட்டோவில் ஏறின.

"இருக்கட்டும் அண்ணா. மன்னி வீட்டு வாசல். மன்னிக்குப் பிடிச்சதுதானே வைக்கணும்?" என்றாள் மங்களம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜகதீசனுக்கு அது இன்னும் வலித்தது.

வீடு வந்ததும், மங்களம் உள்ளே போகும்வரை காத்திருந்து கல்பகத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அவ வாயைத் திறந்து கேட்டதே ஒரு செடி. அதுகூடவா உன் கண்ணை உறுத்தறது? புருஷன் போனவ ஒரு பூச்செடி வளர்க்கக் கூடாதா?"

கல்பகம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். குனிந்து செம்பருத்திக்கு மண் அணைக்கத் தொடங்கினாள்.

குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன பேசும் என்று நினைத்துக்கொண்டான் ஜகதீசன்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். நேரே நர்சரிக்குப் போய் அந்த மல்லிச் செடியைத் தானே வாங்கிவிட்டான். கல்பகம் என்ன குதித்தாலும் இன்றைக்கு அதை நட்டுவிடுவது என்ற தீர்மானத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினான்.

தெருமுனையில், வேப்பமரத்துக்கு அடியில், கல்பகம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆக்னஸ் டீச்சரோடு காலனியில் ஒரு வளைகாப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். ஆக்னஸ், கல்பகத்தின் கொண்டையிலிருந்த மல்லிச் சரத்தை மெதுவாக அவிழ்த்து, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன இது?" என்றான் ஜகதீசன், அருகில் வந்து.

கல்பகம் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆக்னஸ்தான் பேசினாள்.

"உங்களுக்குத் தெரியாதா சார்? விசேஷம்னா எப்பவும் இப்படித்தான். எங்க வீட்ல வந்து வெச்சுக்குவாங்க. திரும்பி வரும்போது தெருமுனையிலயே எடுத்துடுவாங்க."

"பூ இல்லாமப் போனா அங்கே நாலு பேர் கேப்பா" என்றாள் கல்பகம், அவன் கையிலிருந்த செடியைப் பார்த்தபடி. "வெச்சுண்டு வந்தா இங்கே ஒருத்தி பார்ப்பா. அவளுக்கு அப்படி என்ன வயசு ஆயிடுத்து? வாசல்லயே மல்லி பூத்துக் குலுங்கினா நான் எங்கே போய் ஒளிஞ்சுப்பேன்?"

ஜகதீசனுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவகிட்டே மட்டும் சொல்லிடாதேங்கோ" என்றாள்.

கேட்டில் மங்களம் நின்றிருந்தாள். கல்பகம் கால் அலம்பக் கொல்லைப்பக்கம் போனாள். அண்ணன் கையில் செடியைக் கண்டதும் மங்களத்தின் முகம் மலர்ந்தது.

"மல்லியா அண்ணா! நமக்கா?"

"இல்லம்மா... டீச்சர் கேட்டிருந்தா. அவாத்துக்கு."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. அவனுக்குத் தாங்கவில்லை.

"மல்லி எதுக்கு மங்களம்? உனக்கு வேற நல்ல செடியா வாங்கித் தரேன். என்ன வேணும், சொல்லு."

"எனக்கெதுக்கு அண்ணா பூ?" மங்களம் கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் வந்த நாள்லேர்ந்து மன்னி தலையில ஒரு பூவைப் பார்க்கலை. காசு குடுத்து வாங்கறதே இல்லை. வாசல்ல பூத்தா, என் கையாலேயே கட்டி வெச்சு விடலாமேன்னுதான் கேட்டேன். அப்போ வேண்டாம்னு சொல்ல மாட்டாளோன்னோ?"