ஒயினுக்கு ஜோடி

சென்னையிலிருந்து வந்த ஒயின் நிபுணர் நந்தகோபால், நேற்று எங்கள் விழிஞ்ஞம் ஹோட்டலில் வெள்ளை ஒயினை ஆறு வாய் குடித்து, ஆறையும் வாளியில் துப்பினார். ருசி பார்ப்பவர்கள் விழுங்க மாட்டார்களாம்.

"வெண்ணெய், வெனிலா, ஓக் மரம்! அபாரம்!" என்றார். எனக்குத் தெரிந்து மரத்தை ருசி பார்ப்பது கரையான்தான்.

இன்று அந்த ஒயினுக்கு ஜோடி உணவு சொல்ல வேண்டும். சொன்னால்தான் முதலாளி மெனு அடிப்பார்.

சமையல்கார வடிவம்மாள் அக்கா அப்பமும், தேங்காய்ப்பாலில் செய்த மீன் மோலியும் அனுப்பினார். அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டதும் நிபுணர் துள்ளினார். "இதுதான் ஜோடி! ஒயினைக் கொண்டு வாங்க!"

ஃப்ரிட்ஜில் பாட்டில் இல்லை. சமையலறைக்கு ஓடினேன்.

"அக்கா, நேத்து மிச்சமிருந்த ஒயின் எங்கே?"

"சாரு வாய்க்கு வாய் துப்பினாருல்லா? புளிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். அப்ப மாவு புளிக்க ஊத்துற கள்ளும் வரல்ல. புளிச்சது மாவுக்கு நல்லதுதானே, முழுசா ஊத்திட்டேன் மக்ளே."

வெளியே நிபுணர் ஐந்தாவது அப்பத்தில் இருந்தார். "செல்வின், எங்கேப்பா ஒயின்? ரெண்டும் ஒண்ணு சேரணும்!"

"சேர்ந்தாச்சு சார்," என்றேன். "நீங்க முழுங்கியும் ஆச்சு."