மூடுபனி வருஷம்

மேகங்கள் வந்து உட்கார்ந்து போகிற ஒரு மலையுச்சியில், இடுப்பளவு உயரத்தில் ஒரு குத்துச்செடி இருந்தது. மழை பெய்தால் வளரும். தை மாத உறைபனி விழுந்தால் அப்படியே நின்றுவிடும். அது நின்றதற்கு அடையாளமாக வருஷத்துக்கு ஒரு வளையம் தண்டுக்குள் விழும்.

ஒருநாள் தண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, நான் வண்டுப்புழு. கூடு கட்டித் தூங்கணும். உங்க வருஷத்துல ஒண்ணைத் தின்னு இடம் பண்ணிக்கட்டுமா?"

மரியாதை தெரிந்த புழு. செடிக்கு மனசு இளகிவிட்டது.

"எடுத்துக்கோ தம்பி. ஆனா மலையே திரும்பிப் பார்க்க நான் பூத்துக் குலுங்கின வருஷத்தை மட்டும் தொடாதே."

"அது தலைமுடி மாதிரி மெல்லிசு அக்கா, எனக்குப் பத்தாது. அதுக்கு அடுத்து அகலமா ஒண்ணு இருக்கே?"

செடி யோசித்தது. மூடுபனி கலையாத வருஷம் அது. ஒரு பூ இல்லை, ஒரு தேனீ இல்லை. நனைந்துகொண்டு சும்மா நின்றது மட்டும் மங்கலாக நினைவிருந்தது.

"அதுவா? அதுல ஒண்ணுமே நடக்கலை. தாராளமா தின்னு."

புழு கொறிக்கத் தொடங்கியது. செடி தான் பூத்த வருஷத்தை நினைத்தபடி சொக்கிக் கிடந்தது.

ஆடிக்காற்று வந்தது. செடி எப்போதும்போல வளைந்தது. நிமிரத்தான் முடியவில்லை.

"தம்பி," என்றது சாய்ந்தபடியே, "அந்த வருஷத்துல அப்படி என்னதான் இருந்தது?"

"நீங்கதான் அக்கா இருந்தீங்க," என்றது புழு, வாய் நிறைய மென்றுகொண்டு.