வலப்பக்கம் இழுக்கும் வண்டி

"வண்டி வலப்பக்கம் இழுக்குதுப்பா," என்றார் பெரியவர், பழைய மோட்டார் சைக்கிளை மெக்கானிக் முன் நிறுத்தி.

கூட வந்த மகள் கறாராகச் சொன்னாள்: "ரெண்டு தடவை எதிர்ல வந்த லாரிக்கு அடியில போகப் பார்த்தார்ணே. இன்னைக்குச் சரியாகலைன்னா வண்டியை வித்துடப் போறேன்."

மெக்கானிக்குக்குக் குஷி பிறந்துவிட்டது. "இது முன்னாடி சைடுகார் பூட்டுன வண்டியா இருக்கும். ஆள் உட்கார்ற அந்தத் தொட்டி இடப்பக்கம் இழுக்கும்ல? அதுக்கு ஈடா வண்டியையே வலப்பக்கம் லேசா சாய்ச்சுப் பூட்டுவாங்க. தொட்டியைக் கழட்டினாலும் சாய்வு போகாது."

"சைடுகாரா? வாங்கின நாள்லேருந்து இது ஒத்த வண்டிதான்."

மெக்கானிக் இரண்டு சக்கரங்களுக்கும் நூல் பிடித்துப் பார்த்தார். கோணலே இல்லை. ஓட்டிப் பார்த்தார். கையை விட்டாலும் வண்டி நேராகவே போனது. பிறகு பெரியவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று கவனித்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, கோணல் வண்டியில இல்ல, உங்க இடுப்புல! பின்னாடி யாராவது ஒருபக்கமா உட்கார்ந்து வருவாங்களா?"

"என் வீட்டுக்காரி."

"அதான்! அவங்க இடப்பக்கம் கால் தொங்கப்போட, நீங்க ஈடுகட்ட வலப்பக்கம் சாயுறீங்க. அவங்க வராத அன்னைக்கு நிமிர்ந்து உட்காருங்க. ஒரு நட்டைக்கூடத் திருக வேண்டாம்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா செத்து மூணு வருஷமாச்சுண்ணே," என்றாள் மெல்ல.

பெரியவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நான் நிமிர்ந்து உட்கார்ந்தா, அவ விழுந்துடுவாளேப்பா."