வெள்ளிக்கிழமை வேலைநிறுத்தம்

வேலைநிறுத்தம் வெற்றி பெற்றிருந்தது. எட்டாம் வகுப்பில் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் செல்வலட்சுமி வாசலிலேயே நின்றாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததால் அருப்புக்கோட்டையிலிருந்து தூங்கிக்கொண்டே வந்திருந்தாள். இறங்கி நடந்து வந்ததில் செருப்பில் அப்பிய சேற்றை வாசற்படியில் தேய்க்க மறந்துபோனாள்.

எல்லாம் போன வாரம் சுற்றுச்சூழல் மன்றத்தில் அவள் பேசிய பேச்சு. வெளிநாடுகளில் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகாமல் தெருவில் உட்காருகிறார்கள், பூமி சூடாவதைத் தடுக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்கிறார்கள் என்றாள். இந்தப் பக்கம் மழை தவறிப்போவதற்கும் அதுதான் காரணம் என்றாள்.

கடைசி பெஞ்சு தங்கபாண்டி எழுந்து, வராமல் இருந்தால் அடிக்க மாட்டார்களா என்று கேட்டான். நல்ல காரியத்துக்கென்றால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று அவள் பதில் சொன்னாள். வகுப்பு அதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டது.

அவள் மதுரையிலிருந்து வந்து அருப்புக்கோட்டையில் தங்கி மூன்று மாதம் ஆகிறது. தற்காலிக வேலை. அதை நீட்டிப்பது தலைமையாசிரியர் பால்சாமியின் வாயிலும் வட்டாரக் கல்வி அலுவலரின் கையிலும் இருந்தது. அந்த அலுவலர் இன்று பார்வையிட வருகிறார்.

முன் பெஞ்சில் இருந்த ஜீவிதாவிடம் மற்றவர்கள் எங்கே என்று கேட்டாள்.

"எல்லாரும் போயிட்டாக டீச்சர்."

"தங்கபாண்டி?"

"அவன்தான் டீச்சர் மொத ஆளாப் போனான்."

"நீங்க மூணு பேரும் ஏன் போகலை?"

ஜீவிதா பக்கத்திலிருந்த இருவரையும் பார்த்தாள். "எங்க வீட்டுல தறிதான டீச்சர்."

மூவரும் நெசவாளர் தெருப் பிள்ளைகள். பயந்த குடும்பங்கள் என்று செல்வலட்சுமி நினைத்துக்கொண்டாள். பயப்படுவதில் தவறில்லை என்று அவர்களுக்கு ஆறுதல் சொன்னாள். ஜீவிதா தலையாட்டி வைத்தாள்.

ஏழாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் பாதிக்குமேல் காலி. மூன்றாம் வகுப்பில்கூடச் சிலரைக் காணவில்லை. அவர்களிடம் அவள் பேசியதே இல்லை. செய்தி தானாகப் பரவியிருக்க வேண்டும்.

பால்சாமி கோபப்படவில்லை. சத்துணவுக் கூடத்துக்கு ஆள் அனுப்பி, இன்று அரிசியைக் குறைத்துப் போடச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிதானம்தான் அவளைப் பயமுறுத்தியது.

முற்பகலில் திருச்சுழியிலிருந்து வட்டாரக் கல்வி அலுவலர் காளீஸ்வரன் வந்து இறங்கினார். ஒவ்வொரு வகுப்பாக நடந்து பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் அறைக்குத் திரும்பி, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"வர்ற வழியில எல்லாப் பள்ளிக்கூடமும் இப்படித்தான் கெடக்கு சார்" என்றார்.

"இருக்கும் சார்" என்றார் பால்சாமி.

அறை வாசலில் நின்றிருந்த செல்வலட்சுமி அதைக் கேட்டாள். ஒரே வாரத்தில் ஒரு தாலுகா. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பேசாமல் இருந்தால் அவள் பெயர் வெளியே வராது. வேலையும் தங்கும். ஆனால் திங்கட்கிழமை தங்கபாண்டிதான் மாட்டிக்கொள்வான். அவள் உள்ளே போனாள்.

"சார், தப்பு என்னோடது. பிள்ளைங்களை ஒண்ணும் செஞ்சுராதீங்க. ஸ்டிரைக் பத்தி வகுப்புல சொன்னது நான்தான்."

காளீஸ்வரன் தம்ளரைக் கீழே வைத்தார். "என்ன ஸ்டிரைக்கும்மா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சொன்னாள், பூமி சூடாவதைச் சொன்னாள், கடைசி பெஞ்சின் கேள்வியையும் தன் பதிலையும் சொன்னாள். நிறுத்துவதென்றால் தன்னை வேலையிலிருந்து நிறுத்தட்டும், யாருக்கும் டி.சி. கொடுக்க வேண்டாம் என்றாள். ஆனால் சொன்னது சொன்னதுதான், அதைத் திரும்பப் பெற மாட்டேன் என்றும் சொன்னாள்.

இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். பால்சாமி மட்டும் நடுவில் ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார் காளீஸ்வரன்.

"மதுரை சார்."

"மதுரையில எங்கன?"

"அண்ணா நகர் சார். அப்பார்ட்மெண்ட்."

அவர் அதைச் சற்று நேரம் யோசித்தார். எச்சரிக்கைக் கடிதமா, உடனடி நீக்கமா என்று யோசிப்பதாக அவளுக்குப் பட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைக என்ன வேணும்னு கேட்டுப் போயிருக்காகன்னு சொன்னீக?"

"மழை, சார். காலத்துல மழை பெய்யணும்னு."

காளீஸ்வரன் பால்சாமியைப் பார்த்தார். பால்சாமி மேசையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"நேத்து ராத்திரிதான் பெஞ்சிருச்சேம்மா. எல்லாம் விதைக்கப் போயிருக்கு."