எதிர்க்கடை டூல்

“டூல் எதிர்க்கடையில இருக்கு. ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்துடுங்க டீச்சர்” என்றார் அண்ணன் மெக்கானிக், என்ஜின் பக்கமிருந்து தலையை எடுக்காமலே.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்தில் ஒருவர் தப்பு செய்தால் கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

எதிர்க்கடை வேறு யாருடையதும் இல்லை, இந்த மெக்கானிக்கின் சொந்தத் தம்பியுடையது. ஒன்றாக இருந்த ஒர்க் ஷாப், ஏதோ வாய்ச்சண்டையில் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஆகிவிட்டது. எதற்காகச் சண்டை என்று கேட்டால் இரண்டு பேருமே யோசிப்பார்கள். ஆனால் பேச்சு மட்டும் கிடையாது.

இப்போது தம்பியின் மனைவி இறந்துவிட்டாள். சாவு வீட்டிலும் வாசலோடு நின்றுவிட்டு வந்தவர் இந்த அண்ணன். தம்பி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே சுருண்டு கிடக்கிறார். வேலைக்கு வண்டி எடுப்பதில்லை. இப்படியே போனால் ஆள் தேற மாட்டார் என்று தெருவே பேசுகிறது.

அவரிடம் போய் டூல் கேட்கச் சொல்கிறார் இந்த மகானுபாவர்!

“நீங்களே போய்க் கேட்டா என்ன அண்ணே?”

“நான் எதுக்குப் போகணும்? உங்களுக்கு வண்டி வேணுமா, வேணாமா?”

வேண்டும். காலையில் கற்றுக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். வண்டியோ குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறிக்கொண்டிருந்தது. என்ஜினுக்கு முன்னால் ஹார்மோனிக் பேலன்சர் என்று கனமாக ஒரு சக்கரம். என்ஜினின் நடுக்கத்தையெல்லாம் அதிலுள்ள ரப்பர் வளையம்தான் வாங்கிக்கொள்ளும். அந்த ரப்பர் பிய்ந்துவிட்டது. பழைய சக்கரத்தைக் கழற்றியாயிற்று, புதிதை ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் என்ஜினுக்கே ஆபத்து. திருகித் திருகி உள்ளே தள்ளுவதற்கென்றே ஒரு டூல் இருக்கிறது.

டீச்சர் குனிந்து பாதி ஷட்டருக்குள் நுழைந்தார். இருட்டில், எந்தக் காரிலிருந்தோ கழற்றிப் போட்ட சீட்டில் தம்பி படுத்திருந்தார். பல நாள் தாடி.

“பேலன்சர் ஏத்துற டூல் வேணும் தம்பி.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“நீங்களா ஏத்தப் போறீங்க?”

டீச்சர் திருதிருவென்று விழித்தார். தம்பி முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமலே போய்விட்டது.

“என்ன மாடல்? வண்டிக்கு வண்டி போல்ட் மரை சைஸ் மாறும். கேட்டுட்டு வாங்க.”

டீச்சர் மறுபடி தெருவைக் கடந்தார்.

“மாடல் கேட்டானா? கேப்பான், கேப்பான்” என்றார் அண்ணன். “உள்ள லைட் எரியுதா?”

“ஏன், கரண்ட் பில் நீங்களா கட்டறீங்க?”

அண்ணன் மாடலை மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை தம்பி எழுந்தார். லைட்டைப் போட்டார். அலமாரியை உருட்டி டூலைத் தேடி எடுத்து, தூசி துடைத்து, எண்ணெய் தடவிக் கொடுத்தார்.

“சக்கரத்துல வெட்டியிருக்கிற காடி நேராப் பொருந்தியிருக்கான்னு பார்த்துட்டுத் திருகச் சொல்லுங்க. அவருக்கு எல்லாத்துலயும் அவசரம்.”

டீச்சர் அதையும் வந்து ஒப்பித்தார்.

“எனக்கே பாடம் எடுக்கிறானா?” என்று பொரிந்தார் அண்ணன். ஆனாலும் குனிந்து, காடியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு ஸ்பானரைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, சக்கரம் சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. டூலைக் கழற்றி, போல்ட்டை இறுக்கி, பெல்ட்டை மாட்டி ஸ்டார்ட் செய்தார். உதறல் போன இடம் தெரியவில்லை.

வண்டி சரியாகிவிட்ட தைரியத்தில் டீச்சர் ஆரம்பித்தார்.

“அண்ணே, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. கூடப் பிறந்தவர் பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு இடிஞ்சு போய்க் கிடக்கிறாரு. அவரு டூல் மட்டும் வேணும், அவரு வேணாமா? மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?”

அண்ணன் பானெட்டை இறக்கி மூடினார். டூலைச் சுமந்ததில் டீச்சர் கையெல்லாம் எண்ணெய். துடைக்கத் துணி தேடி மேஜை இழுப்பறையை இழுத்தார். உள்ளே அதே டூல், பளபளவென்று.

“உங்ககிட்டயே இருக்கே!”

“மெதுவா டீச்சர், அவனுக்குக் கேட்டுடப் போகுது!” அண்ணன் பதறிப்போய் இழுப்பறையை மூடினார். “நான் நேர்ல போனேன். என்னைப் பார்த்ததும் ஷட்டரை முழுசா இறக்கிட்டான். அதான் தினம் யாரையாவது அனுப்பி எதையாவது கேக்கறேன். நேத்து ஜாக்கி. தொழில் சாமான் கேட்டா மட்டும் அவன் இல்லேன்னு சொல்ல மாட்டான். அந்தச் சாக்குலயாவது எழுந்திருக்கிறான்ல… லைட்டைப் போடறான்ல…”

டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டூலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தம்பி கடை வாசலுக்கே வந்து நின்றிருந்தார்.

“உதறல் நின்னுடுச்சா டீச்சர்?”

“சுத்தமா நின்னுடுச்சு.”

தம்பி டூலை வாங்கிக்கொண்டார். “இதே மாதிரி அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ரெண்டையும் நாங்க சேர்ந்து போய்த்தான் வாங்கினோம்.”

டீச்சர் ஆடிப்போனார்.

“தெரிஞ்சுமா எழுந்து தேடிக் குடுத்தீங்க?”

“எழுந்திருக்கத் தெம்பே இல்ல டீச்சர். ஆனா, நான் எழுந்துட்டேன்னு தெரியற வரைக்கும் அவரு சாப்பாட்டுல கை வைக்கிறதில்லையாம். அண்ணி வந்து அழுதுட்டுப் போனாங்க.”